கேள்வியே அல்லாத கேள்வி

டிவியில் சங்கமித்ரா சிரித்தால் தாணுமாலயனுக்கு இட்லி உள்ளே இறங்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படித்தான். நாகர்கோவில் வடசேரி வீட்டின் முன்னறையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழகத்தில் மெய்ப்பொருளியல் நடத்துகிற ஆசிரியர். மாநிலத்திலேயே அதை நடத்துகிற கடைசி ஆள். எது உண்மையில் இருக்கிறது, ஒன்றை அதுவாகவே வைத்திருப்பது எது என்று கேட்கிற படிப்பு அது. வகுப்பில் மூன்று பேர். அதில் ஒருத்தர் விடுதியில் அறை கிடைக்கும் என்பதற்காகச் சேர்ந்தவர்.

திரையில், ஆட்களை ஊர்விட்டு ஊர் நிமிடத்தில் அனுப்புகிற 'தாவல்' வந்து பத்தாவது ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பட்டுப் புடவையும் நரைத்த குட்டை முடியுமாக சங்கமித்ரா, அரசின் தத்துவ ஆலோசகர், நடுநாயகமாக உட்கார்ந்திருந்தாள். தாணுமாலயன் நாலு பேர் முன்னால் அவளை 'அவங்க' என்பார். மனதுக்குள் எப்போதும் 'அவள்'தான்.

"மேடம், இந்தப் பக்கம் கரைஞ்சு அந்தப் பக்கம் வர்றவர் அதே ஆள்தானான்னு இன்னமும் சில பேர் கேக்கறாங்களே?" என்றார் பேட்டி எடுத்தவர்.

"எந்தச் சோதனைய வெச்சு அதக் கண்டுபிடிப்பீங்கன்னு அவங்களத் திருப்பிக் கேளுங்க. சோதனை கிடையாதுன்னா அது கேள்வியே கிடையாது. நேத்து வாசல்ல போட்ட கோலத்த அழிச்சுட்டு இன்னிக்கு அதே புள்ளி, அதே இழையில போடறோம். மாவு வேற. கோலம் அதேதானே?"

"அது என் கோலம்!" என்று கத்தினார் தாணுமாலயன். தட்டிலிருந்த சட்னி வேட்டியில் தெறித்தது.

அடுக்களையிலிருந்து மனைவி பகவதியின் குரல் வந்தது. "என்ன, காலம்பறயே அவ வந்துட்டாளா? முப்பது வருசமா இந்த வீட்டுல மூணு பேருல்லா குடியிருக்கோம்."

பகவதி சொன்னதில் தப்பில்லை. சென்னையில் எம்.ஏ. படித்தபோது சங்கமித்ரா முதலிடம், தாணுமாலயன் இரண்டாமிடம். அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல். கல்லூரி வாசல் டீக்கடையில் அந்தக் கோலத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஆனால் அவர் சொன்னது நேர் எதிரானது. அழித்த கோலம் அழிந்ததுதான், இன்றைக்குப் போட்டது அதைப் போலவே இருக்கிற வேறொன்று என்று மேசையைத் தட்டிச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தாள். இருபது வருடம் கழித்துத் தாவலுக்கு அனுமதி கொடுக்கலாமா என்று அரசு அவளிடம் கருத்துக் கேட்டபோது, அவருடைய கோலத்தை அப்படியே திருப்பிப் போட்டு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தாள். பள்ளிப் பாடப்புத்தகத்தில்கூட அந்தக் கோலம் அவள் பெயரில்தான் இருக்கிறது.

அனுமதி கிடைத்தது. ஊருக்கு ஊர் பெட்டிகள் வந்தன. நாகர்கோவிலில் உள்ளே போனால் அடுத்த நிமிடம் சென்னையில் வெளியே வரலாம். விமானங்கள் நின்றுபோயின. ரயில்கள் சரக்குக்கும் பிடிவாதக்காரர்களுக்கும் என்று ஒரு சில மிஞ்சின. தாணுமாலயன் ஒரு கட்டுரை எழுதினார். பெட்டிக்குள் போகிறவன் சாகிறான். வெளியே வருகிறவன் அவன் நினைவுகளைத் தூக்கிக்கொண்டு வருகிற இன்னொருவன். தாவியவனின் மனைவி தாலியோடு நிற்கும் விதவை என்று அதில் எழுதியிருந்தார். ஊரே சிரித்தது. தாவி வந்த கணவன்மாரிடம் 'நான் விதவையா சுமங்கலியா' என்று மனைவிமார் கேட்கிற துணுக்குகள் ஒரு மாதம் ஓடின.

அவருடைய வாதம் மோசமான வாதம் இல்லை. ஆனால் ஒரு சந்தேகம் அவருக்கே உண்டு. இதை நாம் நம்புவது இது உண்மை என்பதாலா, அவள் இல்லை என்று சொன்னதாலா? அவள் இந்தப் பக்கம் பேசியிருந்தால் நாம் அந்தப் பக்கம் போயிருப்போமா? குளிக்கும்போது இந்த நினைப்பு வந்தால் இரண்டு செம்பு தண்ணீரை வேகமாகத் தலையில் ஊற்றிக்கொள்வார்.

நம்பிக்கைக்கு விலை கொடுத்தது அவர் இல்லை, பகவதி. போன வருடம் போபாலில் தம்பி வீட்டிலிருந்த அவள் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று தகவல் வந்தது. பகவதி அழுதுகொண்டே செருப்பைப் போட்டாள். தாவல் நிலையம் நடக்கிற தூரம். தாணுமாலயன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நீ அதில் போனால் அம்மாவைப் பார்க்கப்போவது நீ இல்லை, எனக்கு நீ வேண்டும் என்று அழுதார். அவர் அழுததை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவரோடு ரயிலேறினாள். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெற்ற தாய்க்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "நீங்க சொன்னது சத்தியந்தான?" என்று மட்டும் கேட்டாள். "சத்தியம்" என்றார் அவர்.

இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது போன் சிணுங்கியது. பாடத்திட்டக் குழுவிலிருந்து செய்தி. மெய்ப்பொருளியல் பாடத்தை மாநிலம் முழுக்க எடுத்துவிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற குழு அது. தலைவர் சங்கமித்ரா. அந்தப் பாடத்தை நடத்துகிற ஆள் என்ற முறையில் அவரும் உறுப்பினர். திங்கள் காலைக் கூட்டத்துக்காக அன்று மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை பகவதி இலையில் கட்டிக்கூட வைத்துவிட்டாள்.

அவர் செய்தியை இரண்டு முறை படித்தார். கூட்டம் நாளைக்குப் பதிலாக இன்று பிற்பகலே நடைபெறும். தலைவரின் பயண வசதி கருதி இந்த மாற்றம். நேரில் வர இயலாதவர்கள் திரை வழியாகக் கலந்துகொள்ளலாம், வாக்கும் அளிக்கலாம்.

"பயண வசதியாம்!" என்றார். "பெட்டிக்குள்ள போயி பெட்டிக்கு வெளிய வாரவளுக்கு என்ன பயண வசதி? நான் தாவ மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். நான் வரக்கூடாது, அதான் வசதி."

"அதான் திரையில பேசலாம்னு போட்டிருக்குல்லா" என்றாள் பகவதி. போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாக்கும் உண்டாமே. இங்கனயே உக்காந்து பேசுங்க. நான் கதவ அடைச்சுத் தாரேன்."

அவர் அதை நினைத்துப் பார்த்தார். மேசைக்குத் தலைமாட்டில் சங்கமித்ரா. எதிர்ச் சுவரில் ஒரு சதுரத்துக்குள் தான், பாதி முகம் தெரிய, 'சார் உங்க குரல் கேக்கல' என்று யாரோ சொல்ல, அவள் உதட்டோரம் அந்தச் சிரிப்பு.

"நான் போறேன்."

"ரயிலு சாயங்காலந்தான?"

"தாவிப் போறேன்."

பகவதி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவள் கத்துவாள் என்று அவர் நினைத்தார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"எங்க அம்ம செத்தப்ப அந்தப் பெட்டி இங்கதான் இருந்துது."

"பகவதி, அதுவும் இதுவும் ஒண்ணா? முப்பது வருசம் நான் நடத்துன பாடம். நாளைக்கு அது இருக்காது."

"எங்க அம்மையும்தான் நாளைக்கு இருந்திருக்க மாட்டா." மூச்சை இழுத்துக்கொண்டாள். "திரையில வாய்க்கரிசி போட முடியுமா? முடியாது. நான் போயே ஆகணும். ஆனா போகல. உங்களுக்கு திரையில பேச முடியும். போகவே வேண்டாம். ஆனா போறிய. எதுக்குன்னு எனக்குத் தெரியும். எங்க அம்மைக்கு இல்லாதது அந்தப் பொம்பளைக்கு இருக்கு."

"அவ கிட்ட தோக்க முடியாது பகவதி." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

வேட்டி சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து வாசலில் நின்று 'போயிட்டு வாரேன்' என்பார். 'செரி, வாங்க' என்று அவள் உள்ளேயிருந்தாவது குரல் கொடுப்பாள். அது இல்லாமல் அவர் படி இறங்கியதில்லை. இன்றைக்கும் சொன்னார். பதில் இல்லை. மறுபடியும் சொன்னார்.

"நீங்க எழுதினபடி பாத்தா வரப்போறது வேற ஆளுல்லா" என்றாள் பகவதி. "நான் யாரப் பாத்து வாங்கன்னு சொல்லட்டும்?"

தாவல் நிலையம் ஒரு பழைய துணிக்கடையின் கீழ்த்தளத்தில் இருந்தது. சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, ஜனங்கள் வரிசையில் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளைக் கவனித்துக்கொள்கிற பெண்ணின் சட்டையில் ஸ்டெல்லா என்று எழுதியிருந்தது.

"மொத தடவையா சார்? பயப்படாதீங்க. இங்க உங்கள அளந்து, கணக்க மட்டும் அங்க அனுப்புவோம். அங்க உள்ள பொருள வச்சு அப்படியே கட்டிருவாவ. சரியா வந்துட்டுன்னு பதில் வந்த பொறவுதான் இங்க உள்ளதக் கரைப்போம்."

"இங்க உள்ளதுன்னா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்கதான் சார்."

"கரையும்போது எப்படி இருக்கும்?"

"இதுவரைக்கும் யாரும் வந்து குறை சொன்னதில்ல."

அவளுக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. பலாப்பழக்காரரைப் பக்கத்துப் பெட்டிக்கு அனுப்பப் போய்விட்டாள். தாணுமாலயன் பெட்டியின் வாசலில் நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயதில் இத்தனை பேர் நடுவில் அழப்போகிறோமோ என்று பயந்தார். அப்போது, சங்கமித்ரா இதற்குள் எத்தனை நூறு தடவை போய் வந்திருப்பாள் என்ற நினைப்பு வந்தது. பட்டுப் புடவை கசங்காமல், அந்தச் சிரிப்போடு. அவளால் முடிந்தது என்னால் முடியாதா?

உள்ளே போனார். கதவு மூடியது. செத்துப்போகப் போகிறோம் என்று மனதார நம்புகிறவன் கடைசியாக நினைத்துக்கொள்ள நல்ல விஷயங்கள் எத்தனையோ உண்டு. பெற்றவளை நினைக்கலாம், கட்டியவளை நினைக்கலாம். தாணுமாலயன் நினைத்தது, தான் கூட்டத்துக்குள் நுழையும்போது சங்கமித்ராவின் முகம் எப்படிப் போகும் என்பதைத்தான்.

கதவு திறந்தது. சென்னைப் புழுக்கம் முகத்தில் அடித்தது.

அவர் ஓரமாக ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு தன்னைச் சோதித்துப் பார்த்தார். இடது முழங்கால் வலி இருந்தது. நாக்கில் காலைச் சட்னியின் காரம் இருந்தது. பகவதி கடைசியாகச் சொன்னது இருந்தது, அது காலையில் வலித்த இடத்திலேயே வலித்தது. அந்தப் பழைய எரிச்சலும் ஒரு சேதாரமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது. அப்படியானால் நான்தானே? அல்லது ஒரு நிமிடத்துக்கு முன்னால் பிறந்தவனுக்கு முப்பது வருடப் பொறாமையைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களா? நின்று யோசிக்க நேரமில்லை. ஆட்டோவைக் கைகாட்டினார்.

கடற்கரையைப் பார்த்த கட்டடம். மூன்றாம் மாடியில் நீள மேசை. அவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது சங்கமித்ரா எதையோ படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அவர் ஆசைப்பட்டதற்கு மேலாகவே அவள் முகம் வெளுத்தது.

"தாணு... நீங்க எப்படி?"

"எல்லாரும் வார மாதிரித்தான்" என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "தாவித்தான்."

தண்ணீர்க் குவளையை எடுத்து, குடிக்காமல் வைத்தாள். அந்த ஒரு கணத்துக்காக இன்னொரு தடவைகூடப் பெட்டிக்குள் போகலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் முறை வந்ததும் எழுந்து நின்று பேசினார். நன்றாகவே பேசினார். சோதனைக்குள் வராத கேள்விகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டால் மிச்சம் இருப்பது அறிவு இல்லை, வெறும் அளவெடுப்பு என்றார். நாளைக்கு ஒரு பெட்டி ஓர் ஆளை இரண்டாகக் கட்டி அனுப்பிவிட்டால் வீடு யாருக்கு, குழந்தை யாருக்கு என்று எந்த அளவுகோலைக் கொண்டு தீர்ப்பீர்கள், அப்போது தேடுவீர்கள் இந்தப் படிப்பை என்றார். இரண்டு பேர் தலையை ஆட்டக்கூடச் செய்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பொருளாதாரப் பேராசிரியர் வேலுச்சாமி கையைத் தூக்கினார். நல்ல மனிதர், குசும்பு கொஞ்சம் அதிகம்.

"ஏனுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க பேசறதக் கேட்டா நாயந்தானுங்கன்னு தோணுது. ஆனா உள்ள போறவன் செத்தே போறான்னு எழுதுனவரு நீங்கதானுங்களே? நீங்க இப்ப எப்படி வந்தீங்கன்னு சொன்னீங்க?"

"தாவித்தான்" என்றார் தாணுமாலயன்.

"திரையிலயும் பேசியிருக்கலாமுங்க. அப்படியிருந்தும் தாவியே வந்துட்டீங்க. செத்துருவோம்னு நெசமா நம்பற ஆளு பாடத்திட்டக் கூட்டத்துக்கு அதுல ஏறி வருவாருங்களா?"

அறை முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பில்லை, தோளில் தட்டுகிற சிரிப்பு. அதுதான் அவரைக் கொன்றது. முப்பது வருடத்தில் யாராலும் உடைக்க முடியாத வாதத்தை அவருடைய கால் உடைத்துவிட்டிருந்தது. உட்கார்ந்தார். வாக்கெடுப்பு சீக்கிரம் முடிந்தது. பாடத்தை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. சங்கமித்ரா கையெழுத்துப் போட்டாள். மேசையைச் சுற்றி அவள் ஒருத்திதான் சிரிக்காதவள் என்பதை அவர் கவனித்தார். அதற்கும் அவருக்குக் கோபம் வந்தது. ஜெயித்தவள் சிரித்துத் தொலைக்க வேண்டியதுதானே!

திரும்பிப் போக அவருக்குப் பெட்டிக்குள் கால் வைக்க மனமில்லை. இன்னொரு தடவை சாகப் பயமா, பகவதியின் முகத்தை அவ்வளவு சீக்கிரம் பார்க்கப் பயமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சென்ட்ரலுக்கு நடந்தார். எழும்பூரை மூடிய பிறகு மிச்சமிருக்கிற நாலைந்து ரயில்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. இருட்டத் தொடங்கியிருந்தது. கூரை ஒழுகிய இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். நடைமேடையில் ஆளே இல்லை. டெல்லி போகிற வண்டி நின்றுகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

அதற்கு முன்னால் பெஞ்சில், பட்டுப் புடவையை மாற்றி ஒரு சுடிதாரில், மடியில் தயிர்சாதப் பொட்டலத்தோடு சங்கமித்ரா உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தப்பித்துக்கொள்ள யாருக்கும் வழியில்லை.

"டெல்லிக்கு ரயில்லயா?" என்றார் தாணுமாலயன்.

"எல்லா இடத்துக்கும் ரயில்லதான்." பொட்டலத்தை மூடினாள். "இன்னிக்கு விட்டா அடுத்த ஞாயிறுதான் வண்டி. அதான் கூட்டத்த முன்னாடி போட்டேன். எல்லாரும் தாவித்தானே வர்றாங்க, ஒரு நாள் முன்ன பின்ன ஆனா என்னன்னு. நீங்க மட்டும் திரையில பேசுவீங்கன்னு நெனச்சேன். உங்களுக்காகத்தான் அந்த வரியப் போடச் சொன்னேன்."

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். "எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துலேருந்து. நான் ஒரு தடவைகூட தாவினதில்ல தாணு."

"டிவியில திறப்பு விழாவுல நீங்க பெட்டிக்குள்ள..."

"ரிப்பன் வெட்டினேன். உள்ள போற மாதிரி நின்னேன். படம் எடுத்து முடிஞ்சதும் வெளிய வந்துட்டேன்." இரைந்து பேசிவிட்டோமோ என்று சுற்றிப் பார்த்தாள். "அறிக்கையில எழுதினது பொய்யில்ல. ஒவ்வொரு வரியும் இன்னிக்கும் சரின்னுதான் சொல்வேன். அந்தக் கேள்விக்கு அர்த்தமில்லன்னு மூளைக்குத் தெரியுது. கால் கேக்க மாட்டேங்குது. வாசல்ல போய் நின்னா, இவ போயிட்டா அப்புறம் யாருன்னு ஒண்ணு வயித்துக்குள்ளேருந்து கேக்குது."

"அப்புறம் எதுக்கு என் பாடத்த எடுத்தீங்க?"

"யாருமே அதப் படிக்கலன்னா எனக்கும் மறந்துடும்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தாள். டிவியில் வருகிற சிரிப்பு இல்லை. "உங்கமேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? நீங்க ஊரறியப் பயப்படலாம். அதுக்குப் பேரு கொள்கை. நான் பயந்தா மோசடி. கக்கூஸ் நாத்தத்துல ரெண்டு நாள் உக்காந்து போகும்போதெல்லாம், நாகர்கோவில்ல ஒருத்தன் இருக்கான், அவனும் உள்ள போகலன்னு நெனச்சுப்பேன். அது ஒரு தைரியம். இன்னிக்கு நீ வந்து தாவித்தான்னு சொன்னப்ப..." படித்த காலத்து 'நீ' அவளை அறியாமல் வந்துவிட்டது. அவள் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

வண்டி ஊதியது. அவள் எழுந்தாள், கைப்பெட்டியை எடுத்தாள், ஏறாமல் நின்றாள்.

"தாணு, ஒண்ணு கேக்கட்டுமா? நீ... நீதானா?"

நாட்டுக்கே அது கேள்வி இல்லை என்று சொல்லிக்கொடுத்தவள், பிச்சை கேட்கிற முகத்தோடு அதைக் கேட்டாள். இந்தக் கணத்துக்காக அவர் முப்பது வருடம் காத்திருந்தார். குத்திக்காட்ட எத்தனையோ வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

"தெரியல மித்ரா" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். ஏறிக்கொண்டாள். ஜன்னலில் அவள் முகம் நகர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு அந்தப் பழைய எரிச்சல் புதிதாக மூண்டது. பதவி, பேர், கோலம், பாடப்புத்தகம் எல்லாம் அவளிடம் இருந்தன. அவளிடம் இல்லாதது என்று அவர் நம்பிய ஒன்றே ஒன்று அவரிடம் இருந்தது. தன் தாய் பெற்ற உடம்போடு அவர் நடமாடிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அதையும் அவர் தொலைத்துவிட்டார்; அது அவளிடம் இருந்தது. டீக்கடையில் டீயைக் குடித்துச் சிரித்த அதே பெண் அந்த ஜன்னலில் போய்க்கொண்டிருந்தாள். மேசையைத் தட்டிய பையன் எங்கே?

பகவதிக்குப் போன் செய்தார். வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"பகவதி, நான் செய்தது தப்பு. இன்னைக்குச் செய்ததும் தப்பு, போன வருசம் செய்ததும் தப்பு. ரயில்லதான் வாரேன். வந்து உன் காலுல விழுறேன்."

"நான் அங்க இல்ல" என்றாள் அவள். "தம்பி வீட்டுல இருக்கேன். அம்ம படத்துக்கு முன்னால."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. "போபாலா? எப்படி?"

"நீங்க போன பொறவு வீட்டுல இருப்புக் கொள்ளல. நடந்து போனேன். அதே பெட்டிதான். ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசங்க." அவள் குரல் அழுகிற குரலாக இல்லை. அழுது முடித்த குரலாக இருந்தது.

"பகவதி, என்ன மன்னிச்சிரு."

"நான் என்னத்த மன்னிக்க? நீங்க எழுதினதுதான. எங்க அம்மைக்கு வாய்க்கரிசி போட முடியாமப் போனவ காலையோட போயிட்டா. அவள மறிச்சு நின்னவரும் போயிட்டாரு. அவிய ரெண்டு பேருக்குள்ள உள்ளது அது. நாம ரெண்டு பேரும் இன்னைக்கு வந்தவங்கல்லா. நமக்குள்ள என்ன இருக்கு?"

அது விடுதலையா, அறுத்துக்கொள்வதா என்று அவர் கேட்க நினைத்தார். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

நாகர்கோவில் வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். தப்பு செய்தவனும் இல்லை, அதை அனுபவித்தவளும் இல்லை; ஆனாலும் தப்பு மட்டும் அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு கூடவே வந்தது. வண்டி நகர்ந்தபோது, இந்நேரம் சங்கமித்ரா தயிர்சாதத்தைப் பிரித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் சாப்பிட்டுவிட்டு, போர்த்திக்கொண்டு, நேற்றைக்கு இருந்தவளாகவே நாளைக்கும் எழுந்திருப்பாள் என்ற நினைப்பில், அவருக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.